கோணப் பழத்து விதை

"உள்ள வா பச்சையம்மா. இன்னா வாசல்லயே நின்னுகினு கீறே?"

"இல்ல மங்கே, கால்ல சேறு. இப்டியே சொல்லிட்டுப் பூட்றேன்."

மாசி மாதம் சாத்தாங்காட்டு மணலில் சேறு ஏது? கார்த்திகையில் பெய்ததோடு சரி. பச்சையம்மாவின் பாதம் வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. மங்கை அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மடியிலிருந்த பீடி முறத்தை ஓரமாக வைத்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கத்திரி நடப் போறீங்கன்னு சொன்னாங்களே, என்னிக்கு? விடிகால வந்துட்றேன்."

"அதான் சொல்ல வந்தேன். நாளைக்குத்தான் நடறோம். நீ வர வேணான்னு சொல்லச் சொன்னாரு."

"யாரு, அண்ணாத்தயா?"

"அவுருக்கு வாயால சொல்லக் கூச்சம். என்னை இஸ்து வுட்டுட்டாரு."

பச்சையம்மா போகாமல் நின்றாள். பேசாமல் போகவும் அவளுக்கு மனசு வரவில்லை.

"நீயே பாத்துகினுதான கீறே. தக்காளி பூரா இன்னா கதியா கீது! இலை ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் பச்சை. தேமல் பாஞ்ச மூஞ்சி கணக்கா. கொழுந்து சுருங்கி நூலாட்டம் பூட்டுது. காய் வந்தாலும் கோணிகினு வருது. எங்குளுது ஒண்டியா? வரிசை பூரா அப்டித்தான். நீ கை வச்ச தோட்டம் பூரா."

"என்னுதும் அப்டித்தான் கீது."

"அதத்தான் அல்லாரும் சொல்றாங்க."

"இன்னா சொல்றாங்க?"

"நான் சொல்லலடி. சொல்றத சொல்றேன். சுமங்கலி கை இப்டி ஆவாதாம். கைராசி திரும்பிகிச்சின்னா..." பச்சையம்மா மங்கையின் நெற்றியைப் பார்த்தாள். அங்கே குங்குமம் இருந்தது. சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "நான் வரேன் மங்கே. அடுப்புல ஒலை கொதிக்குது."

கருணாகரனின் பெண்டாட்டி அவள். இந்த வரிசையிலேயே பெரிய தோட்டம் அவர்களுடையது. எத்தனையோ வருஷமாக மங்கையின் அடுப்படி வரைக்கும் வந்து, பானையைத் தானே திறந்து பார்த்து, "இன்னாடி கொழம்பு" என்று கேட்டுப் பழகியவள். இன்றைக்கு வாசற்படியைத் தாண்டவில்லை.

அந்தக் காலத்துச் சாத்தாங்காட்டைச் சொல்லியாக வேண்டும். திருவொற்றியூருக்கு மேற்கே, உப்பு மூட்டைப் படகுகள் போகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம், பூராவும் தோட்டந்தான். ஆள் உயரம் தோண்டினால் மணலில் நல்ல தண்ணீர் சுரக்கும். கீரை, கத்திரி, வெண்டை, அப்புறம் தக்காளி. ராயபுரத்தில் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் வீடுகளிலும், துறைமுகத்துக் கப்பல்களிலும் தக்காளிக்கு ஆள் பறந்ததால், ஒருவர் பார்த்து ஒருவர் போட ஆரம்பித்தார்கள். விடியும் முன்னே கூடைகள் வண்டியேறிவிடும்.

எந்தத் தோட்டத்தில் எதை நட்டாலும் முதல் பாத்தி மங்கைதான் நடவேண்டும். அவள் கை அப்படி. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவார்கள். நாற்றைப் பிடுங்கி, வேரை உதறி, குழியில் வைத்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்தி, ஒரு பாத்தியை முழுக்க அவள் முடித்த பிறகுதான் மற்றவர்கள் குனிவார்கள். ஒரு சாத்தாங்காட்டுச் செடியும் அவள் விரல் படாமல் வேர் பிடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள்.

தக்காளி நாற்றோ மொத்தமும் அவள் விட்டதுதான். விதை அவளுடையது. அவள் புருஷன் சுப்புராயன் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரன் கொடுத்தான் என்று ஒரு பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். உள்ளங்கை அகலப் பழம். அவனும் அவளும் அவன் அக்கா செல்லம்மாவுமாக ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். மிச்சத்தை மங்கை ஈர வறட்டியில் பிழிந்து, சாம்பல் தூவி, சுவரில் அவனை விட்டுத் தட்டிக் காயவைத்தாள். தோட்டத்துக்காரர்கள் விதை பிடிக்கிற விதம் அதுதான். சாறும் சதையும் விதையுமாக வறட்டியோடு ஒட்டிக் காய்ந்துவிடும். வேண்டும்போது ஒரு துண்டு ஒடித்து, நுணுக்கி, நாற்றங்காலில் தூவ வேண்டியது.

அதற்கடுத்த ஆடியில் சுப்புராயன் ரங்கூன் அரிசி மில் வேலைக்குக் கப்பலேறினான். சண்டை வந்தது. அங்கே குண்டு விழுந்தது, இங்கேயும் விழுந்தது, பட்டணமே காலியானது, திரும்பி நிரம்பியது. ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவன் தண்டையார்பேட்டையில் இருந்தான். "எங்ககூடத்தான் கெளம்பினான். ஒரு ஆத்தங்கரையாண்ட வுட்டுப் போச்சி" என்றான். உயிரோடா, என்னவோ, அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் சேதி. வெள்ளைக்காரனும் மூட்டை கட்டிப் போய்விட்டான். சுப்புராயன் வரவில்லை. மங்கை பொட்டை அழிக்கவில்லை. தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்கு உலை வைப்பாள். ஒருத்தி சாப்பிட்டது போக மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். காலையில் அதை அவளே கரைத்துக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள்.

மதியத்தில், தீப்பெட்டிக் கம்பெனிச் சங்கு ஊதின பிறகு, பீடி சுற்றுவாள். அது இரண்டு மூன்று வருஷமாகத்தான். புயலில் தோட்டம் போன வருஷம் பீடி வேலை கொடுக்கும் ரஹீமுன்னிசா பீபி இலையும் தூளும் கொண்டுவந்து போட்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வெயில் சாய்ந்ததும் முறத்தை வைத்துவிட்டு மறுபடி பாத்திக்கு.

*

செல்லம்மா திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்தாள். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, விசிறிக்கொண்டு, முதல் காரியமாக அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பேருக்கா வடிக்கிறே?"

"பழக்கம் அண்ணி."

"பழக்கம்! பூனைக்கா?"

"பூனை பழைய சோறு துன்னாது."

செல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே கோபமும் வந்தது. "குந்துடி இப்டி. உன்னாண்ட பேசணும்."

"பேசு."

"கருணாகரன் எங்க வூட்டாண்ட வந்தாரு. மனுசன் தண்ணிகூட குடிக்காம பேசினாரு. தோட்டம் பூரா பேஜாராயி கீது, உன் தம்பிக்கு ஒரு காரியத்த செஞ்சி முடிங்க, புருசன் செத்தும் மங்கை தாலியோட வந்து கை வச்சி வச்சித்தான் இப்டின்னு அல்லாரும் சொல்றாங்கன்றாரு. வர அமாவாசைக்கு கடற்கரைக்குப் போலாம் மங்கே."

"காரியம் செய்யணும்னா ஆளு செத்திருக்கணும்."

"செத்துட்டான்னுதான் உன் செடி சொல்து."

"செடியா சொல்லும்?"

"வேற யாருடி சொன்னாங்க? சர்க்கார் சொல்லல. கூட நடந்தவன் சொல்லல. அம்மன் கோயில்ல பூ கேட்டேன், அதுவும் ரெண்டுங்கெட்டானா வுழுந்துச்சி. இப்ப இது ஒண்ணுதான் வாய் தொறந்து சொல்து. உன் கை எப்பேர்ப்பட்ட கை! கள்ளிக் குச்சிய நட்டாலும் காய்க்குன்னு பேரு. அது ஏன் இப்ப இப்டி ஆவணும்?"

மங்கை கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்கு ஒண்டி ஆசையா?" செல்லம்மாவின் குரல் இறங்கியது. "இடுப்புல தூக்கி வளத்தவ நானு. கெனாவுல வர்றான். நாக்கத் தொங்கப் போட்டுகினு தண்ணி கேக்கறான். எத்தினி வருசமா எள்ளும் தண்ணியும் இல்லாம அலைய வுடறது?"

"என் கெனாவுல சோறு கேக்கறாரு அண்ணி."

"அய்யோ, உன்னாண்ட பேசி..."

"சோறுதான் கேக்கறாரு. கொழம்புல உப்பு கம்மின்றாரு. செத்தவங்க உப்பு கேப்பாங்களா?"

செல்லம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"சரி. ஒரு பேச்சு பேசிக்கலாம். அமாவாசை வரைக்கும் பாப்போம். செடி நிமிந்துடுச்சின்னா நான் வாய் தொறக்கல. நிமிரலன்னா நீ வாய் தொறக்கக் கூடாது. வளையல உடைக்கவும் நானே கூட வரேன். வேற யாரையும் வுட மாட்டேன்."

"சரி அண்ணி."

"சரின்னு சொம்மா சொல்றியா, மெய்யாலுமே சொல்றியா?"

"மெய்யாலுமேதான்."

அன்றையிலிருந்து மங்கை செடியே கதி என்று கிடந்தாள். சாம்பல் தூவினாள். மோரைத் தெளித்தாள். மதியம் ரஹீமுன்னிசா கொண்டுவந்த தூளைச் சுற்றி முடித்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாத்தி பாத்தியாகக் குந்தி, தேமல் விழுந்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள். இந்தச் செடியில் கிள்ளிய கையோடு அடுத்த செடி. அது நன்றாக இருந்தாலும் தடவிப் பார்ப்பாள். நன்றாக இருந்த அந்தச் செடியிலும் அடுத்த வாரம் வெளுப்பு வந்தது.

"அரே, செடிக்கு நீ இன்னா தாலாட்டா பாடறே?" என்றாள் ரஹீமுன்னிசா, பீடிக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டே. "போனா போவுது. பீடி சுத்து. பீடிக்கு யாரும் நெத்திய பாக்க மாட்டாங்க."

"பீபி, உங்க வூட்டுக்காரரு போனப்ப உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"எதிர்லதான மௌத்தானாரு. இந்தக் கையாலதான் கண்ண மூடினேன்."

"நல்லதாப் போச்சி."

சொன்ன பிறகு மங்கைக்கே வெட்கமாகப் போனது. ரஹீமுன்னிசா ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமா மங்கைம்மா. நல்லதுதான் அது," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினாள். மங்கை கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அதற்கப்புறம் மறுநாள் மதியம் வரை அவளோடு பேச ஒருவரும் இல்லை. கருணாகரன் கிணற்றடியிலிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் காற்றில் வந்தன. வெண்டைக்கு யாரோ முதல் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

விவசாய ஆபீசிலிருந்து அருள்பிரகாசம் என்பவர் சைக்கிளில் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கீரைக்கு எரு போடுவது பற்றிச் சொல்ல வந்தவரைக் கருணாகரன் கையைப் பிடிக்காத குறையாகத் தக்காளிக்கு இழுத்துப் போனார். மங்கை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்பிரகாசம் ஓர் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று. பிறகு பாத்தி ஓரமாகவே நடந்துபோய் அடுத்த தோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தார். எந்தச் செடியையும் இரண்டாம் தடவை தொடவில்லை.

"நாத்து யாரு விட்டது?"

"அதோ, வேலியாண்ட நிக்குதே, அதுதான் சார்."

"எல்லாத்துக்குமா?"

"வரிசை பூரா."

"அம்மா, உங்க வீட்டுக்கு வரட்டுமா? விதையைப் பாக்கணும்."

செல்லம்மாவையும் பீபியையும் விட்டால், எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு மனுஷர் அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மங்கை மணையை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த வறட்டிகளைப் பார்த்தபடி நின்றார். அவற்றில் விதைகள் பாசிமணி பதித்ததுபோல் இருந்தன.

"இப்படியேவா பிழிஞ்சு வைக்கீங்க? கழுவ மாட்டீங்களா?"

"கழுவினா விதை வழுக்கிகினு பூடும் சார். இதுலன்னா ஒட்டிகினு அப்டியே நிக்கும்."

"அதுதாம்மா கஷ்டம். ஒட்டிக்கிட்டு நிக்கிறது விதை மட்டும் இல்ல. எந்தப் பழத்தை விதைக்கு எடுப்பீங்க?"

"நல்ல பழம் கூடைக்குப் பூடும். கோணப் பழத்த சாவடி யாவாரி எடுக்க மாட்டான். அத விதைக்கு வச்சிப்போம். அல்லாரும் அப்டித்தான்."

"தேமல் விழுந்ததையுமா?"

"பழம் பழந்தான சார்?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பியபோது கண் முறத்தில் விழுந்தது. "பீடி சுத்துவீங்களோ?"

"மதியத்துல."

"சுத்திட்டுத் தோட்டத்துக்குப் போவீங்க. நாத்துப் பிடுங்கினது, நட்டது எல்லாம் நீங்கதான்."

"முதப் பாத்தி அல்லாருக்கும் நான்தான். கைராசின்னு..." அவள் முறத்தை ஓரமாகத் தள்ளினாள். "சார், ஒண்ணு கேக்கறேன். வூட்டுல யாராச்சும் செத்துப் போயிருந்தா செடி இப்டி ஆவுமா?"

அருள்பிரகாசம் அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். அப்போதுதான் மணையில் உட்கார்ந்தார்.

"யாரும்மா?"

சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆகாது தாயி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது ஒரு நோய். தேமல் நோய்னு சொல்லுதோம். பூச்சி இல்ல, பூஞ்சாணம் இல்ல. கண்ணுக்குத் தெரியாது, வைரஸ்னு பேரு. புகையிலைக்கும் இதே நோய் வரும். புகையிலையைக் காயப்போட்டுத் தூளாக்கினாலும் அது சாகாது. பீடி சுத்தின கையில ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் கையால செடியைக் கிள்ளினா, அந்தக் காயம் வழியா உள்ள போயிரும். அப்புறம் ஒரு செடியைத் தொட்ட கை அடுத்த செடிக்குக் கொண்டு போவும்."

"கிள்ளிக் கிள்ளிப் போட்டேனே சார். நல்லாவணும்னுதான்..."

"தெரியாமத்தானம்மா செஞ்சீங்க."

"அப்ப விதை?"

"நோய்ப் பழத்தோட சாறு விதைத் தோல் மேல காஞ்சி ஒட்டிக்கும். விதைக்கு உள்ள போறது ரொம்பக் கம்மி, மேலதான் இருக்கும். முளைச்சு வரும்போது நாத்து நல்லாத்தான் தெரியும். பிடுங்கி நடுறோம் பாத்தீங்களா, அப்ப வேரு அறுபடும், தண்டு கீறும். மண்ணுலயும் கையிலயும் கிடக்கிற அந்தச் சாறு அதுல போய்ச் சேர்ந்துரும். பத்துச் செடியில ஒண்ணுக்கு வந்தாப் போதும். மத்ததுக்குக் கொண்டுபோகக் கை இருக்குல்ல."

மங்கை தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை மஞ்சளாக ஏறியிருந்தது.

"இந்த விதை முதல்ல எங்கேருந்து வந்தது?"

"அவுரு கொண்டாந்த பழம். ஹார்பர்லேர்ந்து."

"அதுலயே கொஞ்சம் இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் அங்கொண்ணு இங்கொண்ணா இருந்திருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க. இல்ல, உங்க கையிலேருந்தும் வந்திருக்கலாம். எது முதல்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது." அவர் எழுந்தார். "செடியெல்லாம் பிடுங்கி எரிச்சிரணும். இந்த வறட்டி அத்தனையும் எரிச்சிரணும். ஒண்ணுகூட வைக்காதீங்க. நான் வேற விதை கொண்டாந்து தாரேன். பீடி சுத்தின கையால மட்டும் அதைத் தொடக் கூடாது."

"சோப்பு போட்டுக் கழுவினா?"

"கழுவினா நல்லதுதான். ஆனா தினமும் சுத்துற கை..." அவர் முடிக்கவில்லை. "பீடியை விட முடியுமாம்மா?"

"அது ஒண்ணுதான் சார் என்னை வுடாம கீது."

வாசலில் சைக்கிளைத் திருப்பும்போது அவரே சொன்னார்: "கிணத்தடியில போய் நான் எடுத்துச் சொல்லட்டுமா? அமாவாசைக்கு என்னமோ பண்ணப் போறதா அங்க பேசிக்கிட்டாங்க."

"வேணாம் சார். உங்க நோய்ப் பேச்சு ஒண்டி சொல்லுங்க. மிச்சத்த நானே சொல்லிக்கறேன்."

*

அமாவாசைக்கு முந்தின நாள் செல்லம்மா மஞ்சள் துணியும் எள்ளுமாக வந்துவிட்டாள். மங்கை அவளையும் கூட்டிக்கொண்டு கருணாகரன் கிணற்றடிக்குப் போனாள். ஏற்றம் நின்றிருந்தது. ஆண்கள் பாத்தி வரப்பிலும் பெண்கள் கிணற்றுக் கட்டையிலும் இருந்தார்கள். பச்சையம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், மங்கை உட்காரவில்லை.

"இன்னா மங்கே, ஏதோ சொல்லணும்னியாமே," என்றார் கருணாகரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"செடி கெட்டதுக்கு நான்தான் காரணம் அண்ணாத்தே."

"அதத்தான நாங்களும் நாக்கு தேயத் தேய சொல்லிகினு கீறோம்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்க சொல்றது வேற. நான் சொல்றது வேற." மங்கை இரண்டு கையையும் விரித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள். "பாருங்க. பீடிக் கறை. ஆபீசரு சொன்னார்ல, புகையிலைக்குள்ள ஒரு சீக்கு கீது, அது கையில ஒட்டிகினு செடிக்குப் போவும்னு. மதியத்துல பீடி சுத்தினேன். அந்தக் கையோட உங்க நாத்தப் பிடுங்கினேன், நட்டேன், கிள்ளினேன். தேமல் வுழுந்த கோணப் பழத்துல விதை புடிச்சேன். கழுவாம புடிச்சேன். அந்தச் சாறு விதையோடயே உங்க வூட்டுக்கெல்லாம் வந்துச்சி. இவ்ளோதான் நடந்துச்சி."

"கோணப் பழத்துலயா விதை எடுத்தே?" என்றாள் பச்சையம்மா.

"நீ எதுல எடுத்திருப்பே? நல்ல பழத்த விதைக்கு வுட்ருப்பியா?"

"வுட்ருக்க மாட்டேன்," என்றாள் பச்சையம்மா. சொன்ன பிறகுதான் புருஷன் முறைப்பதைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வந்தா இன்னாவாம்?" என்று ஒருத்தி சீறினாள். "எங்க வருசம் பூராவும் மண்ணாப் போச்சி. ராசிக்காரி ராசிக்காரின்னு வெத்தல வச்சிக் கூப்ட்டோமே!"

"திட்டு. நல்லாத் திட்டு. என்னை ஒண்டி திட்டு."

கருணாகரன் தலையைத் தூக்கினார். "அப்ப சுப்புராயனுக்கும் இதுக்கும்..."

"ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. ஆபீசராண்ட கேட்டேன். அவுரு இந்தப் பேச்சுலயே இல்ல."

அதுவரை எள்ளுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லம்மா மெதுவாகக் கேட்டாள்: "விதை அவன் கொண்டாந்ததுதான மங்கே? அதுலயே இருந்திருக்காதா?"

மங்கை கொஞ்சம் தாமதித்தாள். மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

"அவுரு கொண்டாந்தது நல்ல பழம் அண்ணி. நீயும் துன்னு பாத்தியே, தேனாட்டம் இருந்துச்சேன்னு சொன்னியே. என் கை பட்டுத்தான் கெட்டுது."

"ஆமா," என்றாள் செல்லம்மா. "தேனாட்டந்தான் இருந்துச்சி."

பிறகு பேச்சு வேறு மாதிரியாகப் போனது. செடிகளை நாளைக்கே பிடுங்கிக் கொளுத்திவிடுவது. ஆபீஸ் விதை வந்தால் யார் வீட்டில் நாற்று விடுவது. பச்சையம்மாவின் மருமகள் கை தேவலை என்று யாரோ சொன்னார்கள். அவள் புகையிலை தொடுகிறவள் இல்லை. மங்கை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வழியில் கிடக்கிற கீரைக்கட்டைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். கருணாகரன் போகும்போது மட்டும் நின்றார்.

"பழி ஒண்ணும் இல்ல மங்கே. வூட்டாண்ட வந்து போயிகினு இரு. தோட்டத்துக்குள்ள ஒண்டி..."

"வர மாட்டேன் அண்ணாத்தே."

கால்வாய்க் கரை வரைக்கும் மங்கையும் செல்லம்மாவும் ஒன்றாக நடந்தார்கள். கடல்காற்று எழும்பியிருந்தது. படகுக்காரன் ஒருவன் கழியை ஊன்றி ஊன்றிப் போனான்.

"செடி நிமிரல," என்றாள் செல்லம்மா.

"நிமிரல. பேச்சுப்படி நான் வாய் தொறக்கக் கூடாது. நீ சொன்னா நாளைக்கு வரேன்."

செல்லம்மா எள்ளுப் பொட்டலத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினாள். "செடி எதுவும் சொல்லலன்னு ஆயிடுச்சே. இப்ப எத வச்சி நான் உன் வளையல உடைக்கிறது?" மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஆபீசரு அவன் உசுரோட கீறான்னு சொன்னாரா?"

"இல்ல அண்ணி. செத்துட்டாருன்னும் சொல்லல, கீறாருன்னும் சொல்லல. அவுருக்கு செடியப் பத்தித்தான் தெரியும்."

"அப்ப மறுபடியும் ஒண்ணும் தெரியாம நிக்கிறோம்."

"ஆமா."

"நீ எப்டிடி இதுல சந்தோசமா கீறே?"

செல்லம்மா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகப் பாலத்தில் ஏறினாள். பாலத்து நடுவில் ஒருமுறை நின்றாள். திரும்பவில்லை, போய்விட்டாள்.

*

சுவரிலிருந்து வறட்டிகளைப் பெயர்க்க மங்கைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழையவை ஈரம் போய் இறுகியிருந்தன. ஒரு மூலையில், எல்லாவற்றுக்கும் மேலே, கை எட்டாத உயரத்தில் ஒன்று இருந்தது. அவன் கொண்டுவந்த பழத்தைப் பிழிந்தது. பாதிக்கு மேல் ஒடித்தாகிவிட்டது. மிச்சத்தில் ஒரு மூலையில் விதைகள் இருந்தன. இத்தனை வருஷத்துக்கப்புறம் முளைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் முளைப்பதற்காக வைத்திருக்கவில்லை. மணையைப் போட்டு ஏறி அன்று அவன் தட்டிக் கொடுத்தான், அவள் கீழே நின்று "இன்னும் மேல, கோழி கொத்தும்" என்றாள்.

இப்போது அதே மணையின் மேல் அவளே ஏறினாள்.

சுரண்டி ஒரு விதையை நகக்கண்ணில் எடுத்தாள். ஒன்றே ஒன்று. தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? ஒண்ணுகூட வைக்காதீங்க என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் எல்லார் முன்னாலும், அவுரு இந்தப் பேச்சுலயே இல்ல என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. விதையை வறட்டியிலேயே ஒற்றி அழுத்தினாள்.

வெயில் தாழ்ந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். வேறு விறகு வைக்கவில்லை. வறட்டிகளை ஒடித்து ஒடித்துப் போட்டாள். முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. விதைகள் கடுகுபோல ஒன்றிரண்டு தெறித்தன. கண் எரிந்தது. மேல்மூலை வறட்டியைக் கடைசியாகத்தான் வைத்தாள். அது நன்றாக எரிந்தது. அந்தத் தணலில்தான் சோறு கொதி வந்தது.

சட்டியில் செல்லம்மா கொடுத்த கருவாட்டில் வைத்த குழம்பு. உப்பு கொஞ்சம் கூடவே போட்டாள். கையைச் சோப்பு போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சோப்பு போட்டுக் கழுவினாள், மஞ்சள் போகவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள்.

பானையில் ஒருவருக்கான சோறு மிச்சமிருந்தது. தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, வாசலில் வருகிறவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் வைத்தாள்.